முன்பதிவு செய்யாத மாமன்

கொழும்பு மாநகரில் காகத்துக்கு அடுத்தபடியாகப் பெருகியிருக்கும் இனம் எது தெரியுமா? நுளம்பு என்பீர்கள். அதுவும் சரிதான். ஆனால் நுளம்புக்காவது புகை அடிக்க வருகிறார்கள். நான் சொல்லும் இந்த இனத்துக்கு யாரும் புகை அடிப்பதில்லை. நீண்ட விடுமுறை தொடங்கும் காலையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். ஒரு கால் மேடையிலும் மறு கால் பெட்டிப் படியிலுமாக நின்றுகொண்டு, "இது எங்க போற ரயில்?" என்று ஊரைக் கேட்டபடியே ஏறுகிறார்களே, அவர்கள்தான்.

முன்கூட்டியே பதிவு செய்யாமல் பயணம் போகிறவர்கள்.

வெள்ளவத்தையில் இருப்பவர் "போய்ப் பாப்பம்" என்பார். கொட்டாஞ்சேனையில் இருப்பவர் "போனாப் பாத்துக்குவோம்" என்பார். மருதானைக்காரர் "போற நேரம் பாப்பமே" என்பார். பேச்சுத்தான் வேறு, பிறவி ஒன்று. இவர்கள் டிக்கெட் எடுக்காமல் ஏமாற்றுகிறவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நேர்மையானவர்கள். டிக்கெட் எடுப்பார்கள், ரயில் ஊதிய பிறகு எடுப்பார்கள். ரயில் என்பது தாங்கள் வரும்வரை நிற்கும், பஸ் என்பது தாங்கள் கைகாட்டினால் காலியாகும் என்று பால்குடி மறவாத பிள்ளை தாயை நம்புவதுபோல் நம்புகிறவர்கள்.

வேலுசாமியை எடுத்துக்கொள்ளுங்கள். கொட்டாஞ்சேனையில் ஒரு மாடிக் குடியிருப்பில் மனைவி பாக்கியலெட்சுமியோடு இருக்கிறார். தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சிறு வயதிலேயே கொழும்புக்கு வந்து, புறக்கோட்டையில் ஒரு புடவைக்கடையில் நிலைத்துவிட்டவர். கடையில் கெட்டிக்காரர். தீபாவளிக்கு எந்த நிறம் ஓடும் என்று ஆடி மாதமே சொல்லி, அதற்கு முன்பணமும் கட்டவைத்துவிடுவார். நல்ல மனிதர். குடி இல்லை, புகை இல்லை, வெற்றிலைகூட இல்லை. பதிவு செய்யாமல் பயணம் போவது ஒன்றுதான் பழக்கம். பாக்கியலெட்சுமி சில நேரம் நினைத்துக்கொள்வாள், இதற்கு அவர் வெற்றிலையே போட்டுத் தொலைத்திருக்கலாம் என்று.

இந்த இனத்தை அடையாளம் காண்பது லேசு. பழைய பயணக் கதைகளை எடுத்துவிடச் சொல்லுங்கள், போதும். "ஒரு தடவ பதுளைக்குப் போறேன், நிக்க எடமில்ல. ரயில் கார்டு பாத்தாரு. 'வாங்க மாத்தயா'ன்னு அவரு பெட்டியிலயே ஒக்கார வச்சி, தேத்தண்ணியும் குடுத்து..." என்று வேலுசாமி தொடங்கினால் கேட்பவர்களுக்குத் தாங்களும் பதிவு செய்யாமலே போயிருக்கலாம் என்று தோன்றிவிடும். வவுனியாவிலிருந்து கோட்டைவரை கழிவறைக் கதவை ஒட்டிச் சூட்கேசின் மேல் குந்தியிருந்து, கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து எழுந்து உட்கார்ந்து வந்த கதையை அவர் சொல்ல மாட்டார். அது பாக்கியலெட்சுமியிடம்தான் இருக்கிறது. அவளிடம் யார் கேட்கிறார்கள்?

தத்துவமும் வைத்திருப்பார்கள். "புக் பண்ணுனா சீட்டுதான் கெடைக்கும். பண்ணாட்டி அனுபவம் கெடைக்கும்." இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். "ஆண்டவன் மேல நம்பிக்கை இல்லாதவன்தான் புக் பண்ணுவான்" என்று வேலுசாமி ஒரு போடு போடுவார் பாருங்கள், அதுதான் பாக்கியலெட்சுமிக்குச் சுருக்கென்று தைக்கும். வெள்ளிக்கிழமை தவறாமல் விரதம் இருப்பவள் அவள். கோயில் மணிச் சத்தம் கேட்டால் அடுப்பில் எது இருந்தாலும் கையெடுத்துக் கும்பிடுகிறவள். அவளைப் பார்த்து, அதுவும் ரயில் சீட்டை வைத்து!

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பதிவு செய்தவன் புறப்படும்போது பிள்ளையாரிடம் என்ன கேட்கிறான்? "சொகமாக் கொண்டுபோய்ச் சேத்துருப்பா" என்று ஒன்றே ஒன்று. பிள்ளையாருக்கும் அது பெரிய வேலை இல்லை. பதிவு செய்யாதவர் கேட்பது என்ன? நான் போகும்வரை ரயில் புறப்படக் கூடாது. ஆனால் பிந்திப் போய்ச் சேரவும் கூடாது. பெட்டியின் வாசல் சரியாக என் முன்னால் வந்து நிற்க வேண்டும். எனக்கு முன்னால் நிற்பவருக்கு அந்த நேரம் பார்த்து வீட்டிலிருந்து போன் வர வேண்டும். ஜன்னலோரம் இருப்பவர் றாகமையிலேயே இறங்கிவிட வேண்டும். இத்தனைக்கும் சேர்த்து ஒரு தேங்காய்.

யாருக்கு ஐயா நம்பிக்கை? யாருக்கு உபத்திரவம்?

இனி நடந்ததைக் கேளுங்கள்.

வேலுசாமிக்கு ஒரே தங்கை, மேனகா. பிறந்த தோட்டத்திலேயே கட்டிக்கொடுத்து அங்கேயே இருக்கிறாள். இரண்டு பெண் பிள்ளைகள். பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அப்பன் இருந்தாலும் சரி, தோட்டத் துரையே வந்து மடியைக் கொடுத்தாலும் சரி, மாமன் மடிக்கு மாற்று இல்லை. மூத்தவளுக்குக் காது குத்தியபோது இந்த மாமன் எங்கே இருந்தார்? அன்றைக்கும் பதிவு செய்யாமல் புறப்பட்டு, ஏற முடியாமல், கோட்டை நிலையத்து மேடையில் நின்று அடுத்த ரயிலை அனுபவித்துக்கொண்டிருந்தார். நல்ல நேரம் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் மேளக்காரர் மனமிரங்கி, மேளத்தை இறக்கிவைத்துவிட்டு மடியைக் கொடுத்தார். ஊர் சிரித்தது. மேனகா சிரிக்கவில்லை.

இப்போது சின்னவள் டிலக்ஷியின் முறை. ஒரு மாதத்துக்கு முன்பே மேனகா போன் எடுத்தாள். பாக்கியலெட்சுமியும் கேட்கட்டும் என்று வேலுசாமி ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, பௌர்ணமி போயா லீவுல வச்சிருக்கோம். ஞாயித்துக்கெழம, மத்தியானத்துக்குப் பொறகு நல்ல நேரம். வந்துருவீங்களா?"

"என்னம்மா கேள்வி இது? மாமன் இல்லாமயா?"

"போன தடவையும் இதைத்தான் சொன்னீங்க." மேனகாவின் குரல் உடைந்தது. "மாமன் மடி இல்லாத புள்ளயப் பெத்தவன்னு எம் மாமியா வாயில இன்னும் விழுந்துக்கிட்டுத்தான் இருக்கேன். இந்தத் தடவையும் ஒங்க மடி இல்லேன்னா, எனக்கு அண்ணன்னு ஒருத்தரு இல்லேன்னு வச்சிக்கிறேன். மாரியம்மன் கோயில்ல கற்பூரம் அணைச்சி சத்தியம் பண்ணிட்டேன்."

போன் வைக்கப்பட்டது. வேலுசாமி போனைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டார். பிறகு, "வெளையாட்டுக்குச் சொல்றா" என்றார்.

"கற்பூரம் அணைச்சி யாருங்க வெளையாடுவாங்க?" என்றாள் பாக்கியலெட்சுமி.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே வேலை. "என்னங்க, புக் பண்ணியாச்சா?" முதலில், "இன்னும் நாள் கெடக்கு" என்றார். பிறகு, "இப்பதான் எல்லாரும் முண்டியடிப்பான், அவசரம் அடங்கட்டும்" என்றார். பிறகு, "இப்பப் பண்ணா ஓரத்துல ஒடஞ்ச சீட்டுதான் கெடைக்கும், நல்லாவா இருக்கும்?" என்றார். கடைசியில் ஒருநாள் கடையிலிருந்து வெற்றி வீரர்போல வந்தார். "எல்லாம் முடிஞ்சிபோச்சாம் பாக்கியம். பாத்தியா? இந்த புக்கிங்கை நம்பக் கூடாதுன்னு நான் அப்பவே சொன்னேன்ல?"

மேல்மாடியில் கிருபாகரன் என்று ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளை இருக்கிறான். கண்டிக்குப் போவதென்றாலும் ஒரு மாதத்துக்கு முன்பே பதிவு செய்து, அதை இரண்டு இடத்தில் படம் எடுத்து வைப்பவன். படிக்கட்டில் வேலுசாமியைப் பிடித்தான்.

"வேலு அண்ணை, லீவுக்கு ஊருக்குப் போறியளாம். ஏசி பஸ்ஸில ரெண்டு சீட் இருக்கு. போனில போட்டுத் தரட்டே?"

"எதுக்குத் தம்பி ஒங்களுக்குச் செரமம்? போனாப் பாத்துக்குவோம்."

"ஓம் அண்ணை, போனால் பாக்கலாம். ஏறத்தான் ஏலாது."

வேலுசாமி பெரிதாகச் சிரித்து அவன் தோளில் தட்டினார். பின்னால் நின்ற பாக்கியலெட்சுமிக்கு அந்தப் பிள்ளையின் காலில் விழுந்து இரண்டு சீட்டையும் வாங்கிவிடலாமா என்று இருந்தது. ஆனால் புருஷனைப் படிக்கட்டில் வைத்து விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. இந்த இனம் இவ்வளவு காலம் அழியாமல் இருப்பதற்கு இப்படிப்பட்ட மனைவிமார்தான் காரணம் என்று சொன்னால் என்னோடு சண்டைக்கு வருவீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை இருட்டு விலகுமுன் பாக்கியலெட்சுமி குளித்து விளக்கேற்றினாள். மாமன் சீரை ஒரு சிவப்புப் பையில் அடுக்கியிருந்தாள். பிள்ளைக்குப் பட்டுப் பாவாடை, மேனகாவுக்குச் சேலை, லட்டு, பழம், கற்கண்டு. தங்கத் தோட்டை மட்டும் பையில் வைக்கவில்லை. சிறு துணியில் முடிந்து தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். மனிதரை அவள் நேற்றா கட்டினாள்?

அவளுக்கு நெருப்பில் நிற்பதுபோல் இருக்கிறது. அவரோ தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடிக்கிறார். இந்த இனத்தின் இன்னொரு அடையாளம் இது. புறப்படும் நேரத்தில்தான் இவர்களுக்கு உலகத்தில் இல்லாத நிதானம் வரும். செருப்பைப் போட்ட பிறகு ஜன்னல் பூட்டியிருக்கிறதா என்று பார்க்கப் போவார்கள். போன இடத்தில் பழைய பேப்பர் ஒன்றை எடுத்து வாசிப்பார்கள்.

கோட்டை நிலையத்துக்குப் போய் டிக்கெட் எடுத்து மேடைக்கு வந்தபோது அங்கே மேடை இல்லை. தலைகள்தான் இருந்தன. முதுகில் வீட்டைச் சுமந்துகொண்டு நிற்கும் வெள்ளைக்காரர்கள், பெட்டிக்கு மேல் பெட்டி, பெட்டிக்கு மேல் பிள்ளை. ரயில் வந்தது. அது நிற்பதற்கு முன்பே வேலுசாமி ஓடத் தொடங்கினார்.

ரயிலில் சீட்டுப் பிடிப்பது ஒரு சாத்திரம். ஓடுகிற ரயிலின் ஜன்னல் வழியாகக் கைக்குட்டையோ குடையோ பேப்பரோ எதையாவது சீட்டில் எறிந்துவிட்டால் அந்த சீட்டு எறிந்தவருக்குச் சொந்தம். எந்தச் சட்டத்திலும் இது இல்லை. ஆனால் எல்லோரும் மதிக்கிறார்கள். கர்ப்பிணிப் பெண் நின்றால் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்கிறவன்கூட, கைக்குட்டை கிடக்கும் சீட்டில் உட்காரத் துணிய மாட்டான். ஆளுக்கு இல்லாத மரியாதை துணிக்கு.

வேலுசாமி கைக்குட்டை எறியவில்லை. "கைக்குட்டைய எவனாச்சும் தட்டிவிட்ருவான்" என்று சொல்லிக்கொண்டே, பாக்கியலெட்சுமி வாயைத் திறக்குமுன், அவள் கையிலிருந்த சீர்ப் பையைப் பிடுங்கி, குறி பார்த்து, ஜன்னல் வழியாக உள்ளே விட்டார். நல்ல எறி. பை போய் ஜன்னலோர சீட்டில் சப்பணம் போட்டு உட்கார்ந்தது.

"புடிச்சாச்சி பாக்கியம்! ஏறு!"

எங்கே ஏறுவது? வாசலில் மனிதர்கள் நெல் மூட்டைபோல் அடுக்கியிருந்தார்கள். பாக்கியலெட்சுமி ஒரு காலை வைத்தாள். யாரோ ஒருவருடைய பலாப்பழம் அவளை மெதுவாகத் திருப்பி மேடையில் இறக்கிவிட்டது. வேலுசாமி அடுத்த வாசலுக்கு ஓடினார். அங்கிருந்து அடுத்ததற்கு. ரயில் ஊதியது. அசைந்தது. பை ஜன்னலோரமாகக் காற்று வாங்கிக்கொண்டு மலைநாட்டுக்குப் புறப்பட்டது. பையின் சொந்தக்காரர்கள் மேடையில் நின்று வழியனுப்பினார்கள்.

"நல்ல சீட்டு" என்றார் வேலுசாமி, ரயிலின் வாலைப் பார்த்தபடி.

பாக்கியலெட்சுமி தன் வெறுங்கையைப் பார்த்தாள். அவளுக்குச் சொல்ல வந்தது கோயிலுக்குப் போகிறவள் சொல்லக்கூடியது அல்ல.

பையின் பக்க அறையில் தன் போன் இருப்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. அவளுடைய போனிலிருந்து அடித்தார். மணி போனது. ஒரு பெண் எடுத்தாள்.

"ஹலோ, யாரு பேசுறது?" என்றார் இவர்.

"நான் பைறோஸா. பண்டாரவளைக்குப் போறன். நீங்க யாரு?"

"நான்... அந்தப் பையோட ஆளுங்க."

"அல்லாஹ்வே! நீங்களா? ஒங்கட பேக் இங்க நல்லா ஈக்கி, பயப்படாதீங்க நானா. ஜன்னல் பக்கத்துல ஈக்கி. மூணு நாலு பேர் வந்து இந்த சீட்டக் கேட்டாங்க, நான் குடுக்கல்ல. ஆள் ஈக்கி, வாராங்கன்னு செல்லிட்டேன்."

"ரொம்ப நல்லது பண்ணீங்க தங்கச்சி! ரொம்ப நல்லது!"

பாக்கியலெட்சுமிக்குப் பொறுக்கவில்லை. "எதுக்குங்க? நாமதான் ஏறலியே. பாவம், நிக்கிற யாரையாச்சும் ஒக்காரச் சொல்லுங்க."

வேலுசாமி போனைக் கையால் பொத்திக்கொண்டு அவளை முறைத்தார். "புடிச்ச சீட்ட விட்டுக்குடுக்கிறதா? என்ன பேச்சுப் பேசுற?"

பைறோஸா நல்ல பெண். பையைத் தலவாக்கலை ஸ்டேஷனில் கொடுத்துவிடுகிறேன் என்றாள். லட்டு மணக்கிறது என்றும் சொன்னாள். "ஒண்ணு எடுத்துச் சாப்புடுங்க" என்றார் வேலுசாமி. யாரோ வீட்டுக் கலியாணப் பந்தியில் உபசரிப்பதுபோல் சொன்னார்.

"இப்ப நாம எப்புடிப் போறது?" என்றாள் பாக்கியலெட்சுமி. "புள்ள காது குத்தணும். மடிக்கு ஆள் வேணும். பை போய் மடியில வச்சிக்குமா?"

"பதறாத. எந்த ரயில்ல எடம் இருக்கோ அதுதான் நம்ம ரயில்."

எதிர் மேடையில் கண்டிக்குப் போகும் ரயில் ஒன்று நின்றது. அதில் இடம் இருந்தது. அது தலவாக்கலைக்குப் போகாது என்பதைத் தவிர அதில் ஒரு குறையும் இல்லை. கண்டிக்குப் போனால் அட்டனுக்கு பஸ், அட்டனிலிருந்து தலவாக்கலைக்கு இன்னொரு பஸ், "அடிச்சிக்கிட்டுப் போயிரலாம்" என்றார். ஏறி உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த உடனே அவருக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது. கடலை வாங்கினார். எதிரில் இருந்த மனிதர் தாம் பதிவு செய்து வந்ததாகச் சொல்லப்போக, பாவம், வேலுசாமி அவருக்குச் சுதந்திரம் என்றால் என்ன என்று பொல்காவலைவரை விளக்கினார். அந்த மனிதர் பொல்காவலையில் இறங்கிக்கொண்டார். அவர் கண்டிக்கல்லவா போகவேண்டும் என்று பாக்கியலெட்சுமிக்கு ஒரு சந்தேகம். அடுத்த பெட்டியில் அவர் தலை தெரிந்தபோது சந்தேகம் தீர்ந்தது.

கண்டி பஸ் நிலையம் கோட்டையை விட மோசம். அட்டன் பஸ்ஸின் வாசலில் மனிதர்கள் காய்த்துத் தொங்கினார்கள். வேலுசாமியின் சட்டப்படி இடமுள்ள பஸ்தான் நம் பஸ் அல்லவா? நாவலப்பிட்டி பஸ்ஸில் ஏறினார்கள். அங்கே இறங்கி, நின்று, வெயில் மாறி மழை பிடித்து, மழையில் நனைந்து, கடைசியில் அட்டனுக்குப் போகும் பஸ் ஒன்றில் அடைந்துகொண்டார்கள். "இஸ்ஸரஹாட்ட யன்ன! இஸ்ஸரஹாட்ட யன்ன!" என்று கண்டக்டர் முன்னால் போகச் சொல்லிக் கத்தினார். இன்னும் முன்னால் போனால் சாரதியின் மடியில்தான் உட்கார வேண்டும்.

மடி என்று நினைத்ததும் பாக்கியலெட்சுமிக்கு டிலக்ஷியின் நினைவு வந்தது. இடுப்பில் செருகிய தோட்டைத் தொட்டுப் பார்த்தாள். தோடு இங்கே. மாமன் இங்கே. பிள்ளை அங்கே. மத்தியானம் எப்போதோ கடந்துவிட்டது.

"மேனகாவுக்கு ஒரு போன் எடுத்துச் சொல்லிருவோமாங்க? கொஞ்சம் பொறுக்கட்டும்."

"வேணாம். போன்ல சொன்னா திட்டுவா. நேர்ல போய் நின்னா சிரிச்சிருவா."

வழக்கமாக அவர் ஒன்று சொன்னால் அதற்கு வாலாக இன்னும் பத்து சொல்வார்; இப்போது வால் வரவில்லை. பாக்கியலெட்சுமி நிமிர்ந்து பார்த்தாள். மேலே கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த மனிதரின் உதடு அசைந்துகொண்டிருந்தது. முருகா, முருகா என்று சொல்கிறார். பஸ் ஒரு வளைவில் திரும்பியபோது அவள் பக்கம் சாய்ந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்.

"பாக்கியம், இந்தத் தடவ புள்ளைய யாரு மடியில வச்சிருப்பாங்க?"

காலையிலிருந்து அவருக்கென்று அவள் சேர்த்துவைத்திருந்த ஏச்செல்லாம் எங்கோ போய்விட்டது. "அம்மன் இருக்கா" என்றாள். காலையில் அவ்வளவு தத்துவம் பேசியவரின் முகம், சந்தையில் தாயைத் தொலைத்த பிள்ளையின் முகம்போல் இருந்தது.

தலவாக்கலையில் இறங்கி ஆட்டோ பிடித்து, தேயிலை மலையைச் சுற்றிச் சுற்றித் தோட்டத்துக் கோயிலடிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் மங்கிவிட்டது. மழை விட்டிருந்தது. கோயில் பூட்டியிருந்தது. ஒரு சனம் இல்லை. மேளம் இல்லை. ஒரு நாய் மட்டும் வாசலில் படுத்திருந்து, பிந்தி வந்தவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது.

வேலுசாமி செருப்பைக் கழற்றிவிட்டு ஈரத்தில் நின்றார். கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டார். "தாயே" என்றார். கண்ணீர் வந்துவிட்டது. "எந்தங்கச்சி மூஞ்சில நான் எப்புடி முழிப்பேன்? தாயே, ஒன் மேல ஆண. இனிமே புக் பண்ணாம வீட்டு வாசப்படி தாண்ட மாட்டேன். பஸ்ஸோ ரயிலோ, எதுன்னாலும் புக் பண்ணித்தான் போவேன். இந்த ஒரு தடவ அவ மனச மாத்திக் குடு."

பாக்கியலெட்சுமியும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கட்டிய நாளிலிருந்து கேட்க ஆசைப்பட்ட வார்த்தை, இப்படியா கேட்க வேண்டும்?

சரிவில் இறங்கி மேனகாவின் வீட்டுக்குப் போனார்கள். வாசலில் விளக்கு எரிந்தது. உள்ளே பெண்கள் நாலைந்து பேர் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். நல்ல நாற்காலியில் சிவப்புப் பை உட்கார்ந்திருந்தது. அதன் பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கோப்பை வைத்தால் பொருத்தமாக இருந்திருக்கும்.

"வாங்கண்ணே! வாங்க அண்ணி!" என்று மேனகா எழுந்து வந்தாள். "பை அப்பவே வந்துருச்சி. அந்தப் பைறோஸா அக்கா ஒங்க போன்லேர்ந்து எனக்கு அடிச்சி, எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. எங்க வீட்டுக்காரரு ஸ்டேஷனுக்குப் போய்த் தூக்கிட்டு வந்தாரு."

வேலுசாமி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னய மன்னிச்சிரும்மா. நான் அண்ணனே இல்ல. இந்தத் தடவ எந்த மேளக்காரன் மடியில..."

"அழாதீங்கண்ணே. ஒருத்தரு மடியிலயும் இல்ல. காதுகுத்து நாளைக்குத்தான்."

வெங்காயம் உரித்த கைகள் நின்றன. எல்லாப் பெண்களும் மேனகாவைப் பார்க்காமல் வெங்காயத்தைப் பார்த்தார்கள்.

"நாளைக்கா? ஞாயித்துக்கெழமன்னு சொன்னியே?"

"ஒங்களுக்கு மட்டும் ஞாயித்துக்கெழம. மத்த எல்லாருக்கும் திங்கக்கெழமன்னுதான் சொல்லியிருக்கு."

உள்ளேயிருந்து மேனகாவின் கணவர் வெடித்துச் சிரித்தார். "மச்சான், நான் சனிக்கெழமன்னே சொல்லச் சொன்னேன். இவதான் பாவம் பாத்தா!"

பாக்கியலெட்சுமிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஈரச் சேலையோடு அப்படியே கீழே உட்கார்ந்தாள். "எனக்காச்சும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல மேனகா? வழியெல்லாம் உசுரு போயி உசுரு வந்துச்சே."

"சொல்லியிருந்தா நீங்க பதறியிருக்க மாட்டீங்க அண்ணி. நீங்க பதறலேன்னா அண்ணன் இந்நேரம் கொட்டாஞ்சேனையில ஒக்காந்து தேத்தண்ணி குடிச்சிக்கிட்டு இருப்பாரு."

அண்ணனை அறிந்த தங்கை.

இப்போது வேலுசாமியைப் பாருங்கள். முதலில் வாய் திறந்தபடி நின்றார். பிறகு கண்ணைத் துடைத்தார். பிறகு மூக்கை உறிஞ்சினார். பிறகு, பாக்கியலெட்சுமி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவருடைய முதுகு மெல்ல மெல்ல நிமிர்ந்தது. முகத்தில் அந்தப் பழைய வெளிச்சம் ஏறியது. உள்ளே போய்ப் பையைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு அந்த நாற்காலியில் தாம் உட்கார்ந்தார். ஒரு காலைத் தூக்கி மறு காலில் போட்டார்.

"பாத்தியா பாக்கியம்? புக் பண்ணுனவனெல்லாம் நாளைக்குத்தான் வருவான். நான் புக் பண்ணாமலே ஒரு நாள் முன்னாடி வந்துட்டேன்!"

"என்னங்க," என்றாள் அவள் மெதுவாக, "கோயில் வாசல்ல என்னமோ ஆண வச்சீங்களே?"

"அதுவா?" வேலுசாமி கொஞ்சம் யோசித்தார். "அப்பக் கோயில் பூட்டியிருந்துச்சில்ல?"

பாக்கியலெட்சுமி அவருக்கும் சேர்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் நல்ல நேரத்தில், மேளம் முழங்க, டிலக்ஷி மாமன் மடியில் உட்கார்ந்தாள். பத்தர் ஊசியை எடுத்ததும் பிள்ளை வீரிட்டது. பிள்ளையை விடப் பெரிதாக மாமன் அழுதார். மேனகா ஒரு கையால் பிள்ளையின் கண்ணையும் மறு கையால் அண்ணனின் கண்ணையும் துடைத்தாள். அவள் மாமியார்கூட, "மாமன்னா இப்புடி இருக்கணும்" என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். பாக்கியலெட்சுமி இடுப்பிலிருந்து தோட்டை எடுத்துக் கொடுத்தாள். அந்தச் சின்னக் காதில் அது மினுங்கியபோது, பட்ட பாடெல்லாம் பாதி மறந்துபோனது. மீதிப் பாதி திரும்பிப் போகும் வழிக்கு வேண்டும் என்று வைத்துக்கொண்டாள்.

பந்தியில் வேலுசாமி தமது பயணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் மழை இல்லை. நாவலப்பிட்டி இல்லை. ஜன்னலோர சீட்டு மட்டும் இருந்தது. கேட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர், இனிமேல் தாங்களும் பதிவு செய்யப் போவதில்லை என்று முடிவெடுத்ததை பாக்கியலெட்சுமி கண்ணால் கண்டாள். இந்த இனம் இப்படித்தான் பெருகுகிறது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லைதான். ஏதோ ஒன்றிரண்டு தடவை, வேலை மும்முரத்தில், பதிவு செய்ய மறந்திருப்பீர்கள்; அவ்வளவுதானே? ஆனாலும் ஒன்று செய்யுங்கள். அடுத்த முறை சொந்தத்தில் ஒரு நல்ல காரியத்துக்கு அழைப்பு வந்தால், உங்களுக்குச் சொன்ன நாளையும் உங்கள் மற்ற உறவுகளுக்குச் சொன்ன நாளையும் மெதுவாக ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். போன முறை அந்தக் கலியாண வீட்டில் நீங்கள் மூச்சு வாங்க ஓடிப்போய் இறங்கியபோது பந்தல்கூடப் போட்டு முடிந்திருக்கவில்லையே. உங்களைக் கண்டதும் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்களே.

உங்களைக் கண்ட சந்தோஷம் என்றா நினைத்தீர்கள்?